9,900 என்பது மாடல் நம்பர்!

டார்ச் லைட்டுக்கு என்ன லட்சணம்? அமுக்கினால் எரிய வேண்டும், மறுபடி அமுக்கினால் அணைய வேண்டும். அவ்வளவுதானே என்று கேட்டீர்களானால், உலகத்தில் ஒரு கோஷ்டி உங்களைப் பார்த்துப் பரிதாபப்படும். அமெரிக்கா, ஐரோப்பா, சீனா என்று பல ஊர்களில் பரவியிருக்கிற கோஷ்டி. சட்டைக்கு அளவு கொடுக்கிற மாதிரி டார்ச்சுக்கு ஆர்டர் கொடுத்துச் செய்துகொள்கிறவர்கள்.

2017-ல் சீனாவிலிருந்து வந்த 'எமிசார் டி4' இவர்களுடைய செல்லப்பிள்ளைகளில் ஒன்று. உடம்பு என்ன கலர், உள்ளே எந்த எல்.ஈ.டி., வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா, எல்லாம் நம் இஷ்டம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் முழு வேகத்தில் விட்டால் சீக்கிரமே தலை தோசைக்கல் ஆகிவிடும். அதற்கே பயந்து தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பேன்ட் பாக்கெட்டில் தப்பித்தவறி எரிந்தால் வம்பு என்பதால், நாலு தடவை அமுக்கிப் பூட்டி வைக்க வேண்டும். டார்ச்சுக்குப் பூட்டு! மூணு தடவை அமுக்கினால் பேட்டரியில் எவ்வளவு வோல்ட் மிச்சம் என்று கண் சிமிட்டிச் சொல்லும். நாலு சிமிட்டல், ஒரு நிறுத்தம், ஒரு சிமிட்டல் என்றால் 4.1.

ஒருகாலத்தில் இவ்வளவு ஆடம்பரம் இல்லை. 1984-ல் வந்த 'மினி மேக்லைட்'டின் குட்டி பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு எதையாவது சொருகிப் பார்ப்பதில்தான் பலருக்கு இந்தப் பைத்தியம் ஆரம்பித்தது. 1996-ல் ஜப்பானின் நிச்சியா கம்பெனி வெள்ளை எல்.ஈ.டி.யைக் கொண்டுவந்த பிறகு முற்றிவிட்டது. நீல எல்.ஈ.டி.க்கு 2014-ல் இயற்பியல் நோபல்; லித்தியம் அயான் பேட்டரிக்கு 2019-ல் வேதியியல் நோபல். ஆக, இந்தக் கையளவு சமாசாரத்தில் ரெண்டு நோபல் பரிசு உட்கார்ந்திருக்கிறது. சும்மா டார்ச் என்று சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு இந்தக் கோஷ்டியில் ஒரு நண்பர் உண்டு. (பெயர் வேண்டாம். அவர் மனைவி இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவர்.) பார்சல் வந்த அன்றைக்கு ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சை வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"லேசா பச்சை அடிக்குதோ?" என்றார் கவலையாக.

எனக்கு சுவர்தான் தெரிந்தது. அவருக்கு ஓரத்தில் பச்சை, நடுவில் ரோஜா. டார்ச் ரசிகர்கள் பலருக்கு இந்த வியாதி உண்டாம். காபிப் பொடி ருசி பார்க்கிறவர்கள் மாதிரி வெளிச்சத்தை ருசி பார்க்கிறார்கள்.

"ஏங்க, போன்லயே லைட் இருக்கே?" என்றார் அவர் மனைவி.

நண்பர் அடுக்களையிலிருந்து ஒரு தக்காளி கொண்டுவந்தார். போன் லைட்டில் அது சற்று சோகையாகத்தான் இருந்தது. டார்ச்சில் செடியிலிருந்து அப்போதுதான் பறித்த மாதிரி செக்கச்செவேல். நிறத்தை நிறமாகக் காட்டுகிற குணத்துக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுகிறார்கள். இது தொண்ணூறுக்கு மேல் வாங்கிய டார்ச்.

"தக்காளி நல்லா இருக்கான்னு தொட்டுப் பார்த்தா தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். தீர்ப்பு யார் பக்கம் என்று நான் சொல்லப்போவதில்லை.

இனிமேல்தான் விஷயமே. டார்ச் பேட்டரி இல்லாமல்தான் வந்திருந்தது. இதற்கு வேண்டியது 18650 என்கிற லித்தியம் செல். (பயந்துவிடாதீர்கள்: 18 மில்லிமீட்டர் குறுக்கே, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவம்.) நண்பர் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் நாலு செல் வாங்கினார். மேலே கொட்டை எழுத்தில் '9900 எம்.ஏ.ஹெச்.' என்று அச்சடித்திருந்தது. விலையும் மலிவு.

கூடவே ஒரு நாலு பொந்து சார்ஜர், குட்டி ஃபேன் வைத்தது. பி.காம். படித்த எனக்கு டார்ச்சைவிட இந்த சார்ஜரைத்தான் பிடித்துப்போயிற்று. காரணம், அது ஆடிட்டர். செல்லை முழுக்க நிரப்பும், பிறகு வடிக்கலாம் என்கிற மட்டம் வரை வடிக்கும், மறுபடி நிரப்பும். வடித்தபோது எவ்வளவு வெளியே வந்தது என்று எண்ணிச் சொல்லும். பாஸ்புக்கில் என்ன எழுதியிருந்தால் என்ன சார், கவுன்ட்டரில் கேட்டால் பணம் வருகிறதா?

ராத்திரி பூரா ஃபேன் 'கிர்ர்' என்று ஓடியது. காலையில் கணக்கு வந்தது: 820.

நல்ல கம்பெனி செல்லே பெரும்பாலும் 2,500-லிருந்து 3,600 வரைதான் தாங்கும். 9,900 என்பது அந்த உடம்புக்குள் அடங்கவே அடங்காத நம்பர். இப்படிப்பட்ட சில செல்களைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே சுண்டைக்காய் சைஸில் ஒரு செல்லும், மிச்ச இடத்தில் ஏதோ பொடியும் இருந்ததைப் படம் எடுத்துக் காட்டியவர்கள் உண்டு.

நண்பர் சார்ஜரோடு கடைக்குப் போனார். கடைக்காரர் அசரவே இல்லை.

"சார், 9,900 மாடல் நம்பர் சார்."

சிரிப்பு வருகிறது. ஆனால் இது எடையில் குறைக்கிற கத்திரிக்காய் வியாபாரம் மாதிரி இல்லை. லித்தியம் செல்லுக்கு சார்ஜ் ஏற்றுவது குழாயடியில் குடம் பிடிக்கிற மாதிரி. முதலில் சீராகத் திறந்துவிட வேண்டும், 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அங்கேயே பிடித்து, கரன்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நிறுத்திவிட வேண்டும். மட்டமான சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. இங்கே வழிவது தண்ணீர் இல்லை, நெருப்பு.

செல்லின் மேலே இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறை கிழிந்தால் அடியில் உடம்பு முழுக்க மைனஸ். சாவிக்கொத்து இருக்கிற பாக்கெட்டில் போட்டால் போதும், தொடைக்கு ஆபத்து. லேப்டாப், டிரில்லிங் மிஷின் போன்றவற்றின் பேட்டரிக்குள் அடக்கி வைக்கத்தான் இந்த செல்கள்; உதிரியாகப் புழங்காதீர்கள் என்றே அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் எச்சரித்தது. டார்ச் ரசிகர்கள் கேட்பார்களா? ஆனால் அவர்களில் கெட்டிக்காரர்கள் செல்லைப் பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்கிறார்கள். உறை கிழிந்தால் மாற்றுகிறார்கள். யார் நம்பர் சொன்னாலும் ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டுப் பார்க்காமல் நம்புவதில்லை. அவர்களுடைய சுவர், தக்காளி ஆராய்ச்சியைக் கிண்டல் பண்ணலாம். இந்த ஒரு பழக்கத்தை என்னால் கிண்டல் பண்ண முடியவில்லை.

நண்பர் இப்போது நல்ல செல்லாக ரெண்டு வாங்கிவிட்டார். 3,400 என்று போட்டிருந்தது, 3,310 வந்தது. அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். செய்தி மாடி வீடு, கீழ் வீடு எல்லாம் பரவி, ரிமோட் செல், கடிகார செல் எல்லாம் ஆடிட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டன.

போன வாரம் எதிர்வீட்டுத் தாத்தா தன் பழைய டார்ச்சின் மூணு கட்டையையும் கொண்டுவந்தார். வெயிலில் காய வைத்துக் காய வைத்து ஓட்டிக்கொண்டிருந்த கட்டைகள்.

"தாத்தா, இது சார்ஜ் ஏத்தற ஜாதி இல்லை. ஏத்தவே கூடாது. பொந்துலயும் போகாது" என்றார் நண்பர்.

தாத்தா சார்ஜரை ஒரு சுற்றுப் பார்த்தார். "இது என்ன விலை தம்பி?"

நண்பர் சொன்னார்.

"வெயிலுக்குக் காசு கிடையாது" என்று கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார் தாத்தா.