உங்கள் சிம் யார் பெயரில் இருக்கிறது?

வீட்டு மனைப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று நம் மக்கள் விசாரிப்பார்கள். கைப்பேசி எண் யார் பெயரில் இருக்கிறது என்று பெரும்பாலும் விசாரிப்பதில்லை. ஆனால் கல்வி உதவித்தொகை, வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி என எதைத் தொட்டாலும் ஓடிபி வருவது அந்த எண்ணுக்குத்தான். வன்கொடுமை நடந்தால் 14566 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கவும் கைப்பேசி வேண்டும். எனவே சிம் பதிவுச் சட்டம் ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமையோடு நேரடித் தொடர்புடையது.

தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் தண்டனைப் பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ளன. மோசடியாகவோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெற்றால் மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஒருவர் பெயரில் ஒன்பது சிம் வரைதான் இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் இந்த வரம்பு ஆறு. வரம்பை மீறினால் முதல் முறை 50 ஆயிரம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 2 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

இணையவழி மோசடிகள் பெருகிவிட்ட காலத்தில் இத்தகைய கடுமை தேவைதான். ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி. சட்டம், ஏமாற்றிச் சிம் பெற்றவரையே குற்றவாளி என்கிறது. விசாரணையோ முதலில் பெயருக்கு உரியவரின் வீட்டுக்கு வருகிறது. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கும்போது மேஸ்திரியிடமும், கடன் வாங்கும்போது முகவரிடமும் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு வரும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த நகல் பிறகு எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. சிம் வாங்க வந்தவரிடம் “ரேகை சரியாகப் பதியவில்லை, மறுபடி வையுங்கள்” என்று சொல்லி, அவர் பெயரில் இன்னொரு சிம்மை எடுத்துக்கொள்ளும் மோசடியும் நடக்கிறது. இலவச சிம், நூறு இருநூறு ரூபாய் என்ற ஆசை வார்த்தைகளுக்கும் பலியாவது ஏழைகளே. குடியிருப்பின் பெயரைச் சொன்னாலே சந்தேகக் கண்ணோடு பார்க்கும் காவல் நிலையத்தில், ‘அந்த சிம் என்னுடையதல்ல’ என்று ஒரு தினக்கூலித் தொழிலாளி நிரூபிப்பது எளிதல்ல.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு சிம் வழங்கக் கூடாது என்பது விதி. அதனால் பள்ளி மாணவர்கள் அப்பா, மாமா அல்லது பக்கத்து வீட்டு அண்ணன் பெயரிலுள்ள எண்ணையே விண்ணப்பங்களில் எழுதுகிறார்கள். ரீசார்ஜ் செய்யாமல் நீண்ட நாள் கிடந்து முடங்கிய எண், பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிடும். உதவித்தொகைக்கான ஓடிபி அவருக்குப் போகும். வயது நிறைந்ததும் தன் பெயரில் ஓர் எண் வாங்கி, கல்லூரியிலும் வங்கியிலும் ஆதாரிலும் அதைப் பதிவு செய்வது மாணவர்களின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

ஆதார் இல்லாமல் சிம் கிடைக்காது என்பது தவறான எண்ணம். கைப்பேசி எண்ணோடு ஆதாரைக் கட்டாயமாக இணைக்க வேண்டும் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று ரத்து செய்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், விருப்பம் இருந்தால் மட்டுமே ஆதாரைப் பயன்படுத்தலாம் என்கிறது. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு போன்ற ஆவணங்களைக் காட்டியும் வாங்கலாம். எனினும் 2023 சட்டத்தின் மூன்றாம் பிரிவு கைரேகை போன்ற உடல் அடையாளச் சரிபார்ப்புக்கு வழிவைத்திருக்கிறது. வயலிலும் சூளையிலும் துப்புரவுப் பணியிலும் தேய்ந்துபோன விரல்களுக்கு மாற்று வழி இல்லாவிட்டால், உழைத்ததே குற்றமாகிவிடும்.

தனிநபர் செய்யக்கூடியவை சில உண்டு. மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் கைப்பேசி எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால், நம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று பார்க்கலாம். நமக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். பின்னால் வழக்கு வந்தால் அதுவே சான்று. அடையாள நகல் எதைக் கொடுத்தாலும், என்ன தேவைக்கு என்பதையும் தேதியையும் அதன் மீது குறுக்கே எழுதிக் கொடுப்பது நல்லது. பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழைக்கலாம். காவல்துறை அழைத்தால் தனியாகப் போக வேண்டியதில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் தந்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவரை இணையதளத்தில் போய்ப் பார்க்கச் சொல்வது மட்டும் தீர்வாகாது. மனு நீதி நாள் முகாம்களிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் சிம் சரிபார்ப்புக்கென ஒரு மேசை போடுவது மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவல்ல. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தெருவில் உள்ள பெரியவர்களின் எண்களைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். பெயரும் கைரேகையும் கேட்கும் அரசு, அந்தப் பெயருக்குப் பாதுகாப்பும் தர வேண்டும்.