ஈயைக் குறிவைக்கும் சிலந்திக்கு இருட்டு ஏன் ஆகாது?

சுவரில் ஓர் ஈ. கொஞ்சம் தள்ளி, விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு குதிக்கும் சிலந்தி. இரை பிடிக்க வலை கிடையாது. தூரத்தைக் கண்ணாலேயே அளந்து ஒரே தாவல். கணக்கு தப்பினால் ஈ பறந்துவிடும், வயிறு காயும்!

இந்தக் கணக்கைப் போடுபவை, எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்கள். அவற்றின் விழித்திரையில் நான்கு அடுக்குகள். ஓர் அடுக்கில் பிம்பம் தெளிவாகவும், இன்னோர் அடுக்கில் மங்கலாகவும் விழும். அந்த மங்கலின் அளவை வைத்தே சிலந்தி தூரத்தைக் கணிக்கிறது. ஜப்பான் ஆய்வாளர்கள் 2012-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பச்சை வெளிச்சத்தில் சரியாகத் தாவிய சிலந்திகள், சிவப்பு வெளிச்சத்தில் இரைக்கு முன்பாகவே விழுந்தன. நிறம் மாறியதும் மங்கலின் அளவும் மாறி, கணக்கு தவறிவிட்டது.

வெளிச்சமே குறைந்தால்? இந்தக் கண்ணில் ஒளியை உணரும் செல்கள் மெல்லியவை, நெருக்கமாக அடுக்கப்பட்டவை. அதனால்தான் பார்வை அவ்வளவு துல்லியம். ஆனால், ஒவ்வொரு செல்லுக்கும் கிடைக்கும் ஒளி கொஞ்சம்தான். இரவில் செல்போனில் எடுத்த படம் புள்ளி புள்ளியாகத் தெரியுமே, கிட்டத்தட்ட அதே கதை. எனவே, பெரும்பாலான குதிக்கும் சிலந்திகள் பகலில் வேட்டையாடி, பொழுது சாய்ந்ததும் தாமே பின்னிய நூல்பைக்குள் முடங்கிவிடும்.

மத்திய தரைக்கடல் பகுதியில் கல்லுக்கு அடியில் வாழும் ‘சிர்பா அல்ஜெரினா’ வேறு வழி பிடித்திருக்கிறது. அதன் செல்கள் அகலமானவை. துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அரையிருட்டிலும் இரையை அடையாளம் கண்டுகொள்கிறது!