காசு கொடுத்து கைதட்டு!

பேரு சென்னை சிட்டி எஃப்.சி. ஆனா, ஐ-லீக் ஹோம் மேட்ச் எல்லாம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல! லஸ் கார்னர்ல இருந்து 500 கிலோமீட்டர் பாஸ். 2019 மார்ச் 9-ம் தேதி மினர்வா பஞ்சாபை அங்கேதான் 3-1னு சாய்ச்சு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயின்ட்ல முந்தி சாம்பியன் ஆனாங்க. அதே சீசன் நடுவுலதான் 'எல்லா மேட்சும் டி.வி.யில வராது'ன்னு ஒரு குண்டு வேற விழுந்துச்சு. அப்ப மெட்ராஸ் ரசிகன் என்ன பண்ணுவான்? ஸ்கோரைப் பார்த்துட்டுத் தூங்குவான்!

இங்கிலாந்துல பிரிமியர் லீகுக்குக் கீழே இருக்கற டீம்களுக்காக, 2017-ல 'ஐஃபாலோ' ஆரம்பிச்சாங்க. வெளிநாட்டு ரசிகர்களுக்கு சீசன் முழுக்க லைவ்... அப்ப 110 பவுண்ட். இதுல செம காமெடி, சனிக்கிழமை மதியம் 3 மணி மேட்சை அந்த நாட்டுல லைவா காட்டக் கூடாது. கிரவுண்டு காலியாயிடுமாம்! கடல் தாண்டி இருக்கறவன் பார்க்கலாம், ஸ்டேடியத்துக்கு அடுத்த தெருக்காரர் பார்க்க முடியாது.

'ஐ-லீகுக்கு எவன்டா காசு கொடுப்பான்?'னு சிரிக்கிறான் ரூம்மேட். டி.நகர்ல ஒரு ஜூஸ் குடிக்கிற காசு கேட்டா, நான் கொடுப்பேன் மச்சி. ஆனா, அது கிளப்புக்குப் போய்ச் சேரணும்.

ஏன்னா, சாம்பியன் ஆன அந்த சென்னை சிட்டி, 2020-21-க்கு அப்புறம் ஐ-லீக்லயே இல்லை. அடுத்து ஒரு டீம் வந்தா, தூரத்துல இருந்து கைதட்டினா மட்டும் பத்தாது.

அதுக்காக கோல் விழற நேரத்துல ஸ்கிரீன்ல வட்டம் சுத்தினா, காசைத் திருப்பிக் கேட்போம்ல!