ஒரு நொடித் திணறல்

சிக்னல் பச்சைக்கு மாறுகிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறீர்கள். வண்டி பாயாமல் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு விக்கியபடி கிளம்புகிறது. பழைய மாருதி 800, பிரீமியர் பத்மினி, அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. ஆனால் நெடுஞ்சாலையின் குறுக்கே திரும்பும்போது அந்த ஒரு நொடி உயிர்ப் பிரச்சினை.

மெக்கானிக்கிடம் போனால் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு: 'கார்புரேட்டரையே மாத்திடுங்க சார்.' அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றது. பத்மினி அதற்கு வெகு முன்பே விடைபெற்றது. கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறைப் படிக்கப் பழகிய தலைமுறைக்கு, செருக இடமே இல்லாத இன்ஜின் ஒரு புதிர்தான்.

புதிர் அவ்வளவு கடினமல்ல. மிதியை அழுத்தியதும் காற்று உடனே உள்ளே பாய்கிறது. கனமான பெட்ரோல் ஒரு கணம் பின்தங்குகிறது. அந்தக் கணத்தை ஈடுகட்டவே கார்புரேட்டருக்குள் ஒரு சின்ன ஆக்ஸிலேட்டர் பம்ப் இருக்கிறது. மிதிக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும்.

முதல் சோதனைக்குக் காலணா செலவில்லை. இன்ஜின் நன்றாகச் சூடானபின் சோக்கைச் சற்றே இழுத்துவிட்டு ஓட்டுங்கள். திணறல் குறைந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். குறையாவிட்டால் பிளக், பாயின்ட் இடைவெளி, டைமிங் பக்கம் கவனத்தைத் திருப்புங்கள்.

பெட்ரோல்தான் குறை என்றால் இரண்டாவது சோதனை. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். அருகில் பீடி, சிகரெட் கூடாது. த்ராட்டிலைக் கையால் திறந்தபடி உள்ளே பாருங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் உடனே பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ, தாமதித்தாலோ, பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம் அல்லது துளை அடைத்திருக்கலாம். தாரை சரியாக இருந்தால், கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கட்டிலும் வெடித்த ரப்பர் குழாய்களிலும் திருட்டுக் காற்று புகுகிறதா என்று தேடுங்கள்.

எஸ்.யூ. கார்புரேட்டர் உள்ள பழைய அம்பாசடரில் இந்தப் பம்ப்பைத் தேட வேண்டாம். அதில் அது கிடையாது. மேல்மூடியைத் திருகி எடுத்து, உள்ளே எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். அது வற்றினாலும் இதே திணறல்தான்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலில் ஏற்கனவே ஆக்ஸிஜன் இருப்பதால், அதே ஜெட் வழியே அதே அளவு போனாலும் கலவை நீர்த்துவிடுகிறது. புதிய கார்களில் சென்சார் இதைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. பழைய ரப்பர் டயஃப்ரம்களுக்கும் எத்தனால் ஒத்துக்கொள்வதில்லை. எனவே ரிப்பேர் கிட் வாங்கும்போது, எத்தனாலைத் தாங்குமா என்று கேட்டே வாங்குங்கள்.

கடைசியாக ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பாருங்கள். நான்கையும் சேர்த்து மாற்றினால் வண்டி ஓடும். எது பழுது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. அடுத்த முறையும் நான்குக்கும் சேர்த்தே பணம் கொடுப்பீர்கள்.