மணலில் எழுதும் விரல்

தமிழ் எளிய மொழி, எழுதியபடியே வாசித்துவிடலாம் என்று மேடைகளில் சொல்லிப் பழகிவிட்டோம். இக்கூற்றைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடுள்ள ஒரு குழந்தையின் அருகில் அமர்ந்து ஒரு பக்கம் வாசிக்கச் செய்ய வேண்டும். நாகல் நகரில் நாங்கள் சிலர் மாலை வேளைகளில் இத்தகைய குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தந்து வருகிறோம். இதைத் தொண்டு என்று பிறர் பாராட்டும்போது கூச்சமாக இருக்கிறது. கொடுத்ததைவிடப் பெற்றதே அதிகம் என்பது எங்கள் கணக்கு.

இக்குறைபாடு அறிவுக் குறைவன்று. பார்வைக் கோளாறும் அன்று. பேச்சொலிகளைத் தனித்தனியே பிரித்துணர்ந்து எழுத்தோடு பொருத்துவதில் ஏற்படும் இடர்ப்பாடு. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், அறிவில் குறையேதுமின்றி, ஆயினும் வாசிக்க இயலாதிருந்த 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இதற்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டமே இடமளித்தது. சட்டம் பெயர் சூட்டுவதற்கு முன்பே நம் வகுப்பறைகள் இக்குழந்தைகளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தன: 'மக்கு'. அப்பெயர் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

எங்கள் பகுதியில் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. இங்கே வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசும் குடும்பங்கள் பல. பள்ளித் தமிழில் தடுமாறும் குழந்தைகள் அனைவருக்கும் குறைபாடு இருப்பதாகக் கருதிவிடக் கூடாது. அதை முறைப்படி கண்டறிவது பயிற்சி பெற்றோரின் பணி. உடனமர்ந்து வாசிப்பதே எங்கள் பணி.

அப்படி அமர்ந்தபோதுதான் நம் எழுத்தையே புதிதாகப் பார்த்தோம். 'கொ' என்பதில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் கேட்கின்றன. கண்ணுக்கோ கொம்பு முன்னே நிற்கிறது. ககரம் நடுவே, கால் பின்னே. காதுக்கு ஒரு வரிசை, கண்ணுக்கு ஒரு வரிசை. காலும் ரகரமும் உருவில் நெருங்கியவை. 'கௌ' என்பதன் பின்பாதி ளகரமாகவே தோன்றும். கல், பகல், தங்கம் ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து எகர ஏகாரங்களை வேறுபடுத்தியதையும், 1978இல் தமிழக அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்று 'னா', 'லை' போன்ற எழுத்துகளைச் சீர்மைப்படுத்தியதையும் தேர்வு விடைகளாக நாம் அறிவோம். ஒரு கொம்பு, ஒரு சுழி வாசிப்பவருக்கு எத்தனை பெரிய செய்தி என்பதை அறிவித்தவை இக்குழந்தைகளின் தடுமாற்றங்களே.

கற்பிக்கும் முறையிலும் ஒரு வியப்பு காத்திருந்தது. அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்காம் என்ற இருவர் பெயரால் வழங்கும் முறை, கண், காது, கை மூன்றையும் ஒருங்கே பயன்படுத்தச் சொல்கிறது: ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுத்தை விரலால் வரைய வேண்டும். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரல் வைத்து உரக்கச் சொல்லி எழுதியதும் இதைத்தானே! 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதக் கற்பிக்கும் இந்நாட்டு வழக்கத்தைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்து வரை சென்றது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல வரவில்லை. திண்ணைப் பள்ளியின் பிரம்பையும் மறந்துவிடவில்லை. பிரம்பை விட்டுவிட்டு மணலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறோம்.

இக்குழந்தைகளின் முன்னேற்றம் மெல்லவே வரும். இன்று வாசித்த சொல் நாளை அந்நியமாகிவிடும். பல வாரங்களுக்குப் பின் ஒரு மாலையில், எவரும் கேளாமலேயே பேருந்தின் பலகையில் 'நத்தம்' என்று குழந்தை வாசிக்கும். அந்த நான்கெழுத்துக்கும் பின்னுள்ள உழைப்பை அறிந்தவருக்கு அதற்கீடான இலக்கிய இன்பம் குறைவு.

தமிழகப் பொதுத்தேர்வுகளில் இத்தகைய மாணவர்க்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகள் உண்டு. அவை தேவையானவை, குறைத்துவிடக் கூடாதவை. ஆனால் தேர்விலிருந்து விலக்களிப்பது வேறு, வாசிப்பிலிருந்தே விலக்கிவிடுவது வேறு. விலக்குச் சான்று கிடைத்ததும் கற்பித்தலும் நின்றுவிடுமானால், தாய்மொழியில் ஒரு கதையைத் தானே வாசிக்கும் உரிமையை அக்குழந்தை இழக்கிறது. தேர்ச்சி பெற்றும் இழப்பு இழப்புதான்.

நல்ல வாசகர்கள் அருகிவிட்டனர் என்று இலக்கியக் கூட்டங்களில் வருந்துகிறோம். வாசிக்க விரும்பியும் இயலாத குழந்தை நம் தெருவிலேயே இருக்கலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம், ஒரு தட்டில் மணல், குரலை உயர்த்தாத பொறுமை: தொடங்குவதற்கு இவை போதும்.