அரிமா நோக்கு

வகுப்பிலே நன்னூல் நடந்துகொண்டிருந்தது. சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடர்புற்று நிற்கும் நிலைகள் நான்கு. அவற்றுள் ஒன்று அரிமா நோக்கு. நடந்து செல்லும் சிங்கம் முன்னே பார்ப்பதோடு பின்னேயும் திரும்பிப் பார்க்கும். அவ்வாறே ஒரு சூத்திரம் தனக்கு முன்னுள்ளதையும் பின்னுள்ளதையும் நோக்கி நிற்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தோம். கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இதை எழுதியவர் சிங்கத்தைக் கண்டிருப்பாரா?” என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் அக்கேள்வி வீடு வரை நம்முடன் வந்தது. இந்த வாரப் பத்தியிலும் வந்து அமர்ந்துவிட்டது.

நமக்குச் சிங்கம் சொல்லாலும் கல்லாலும் பழக்கமானது. அம்மனுக்கு அது வாகனம். தூணைப் பிளந்து வெளிப்பட்டவர் நரசிங்கர். அரசன் வீற்றிருப்பது சிங்காசனம். நம் நாட்டுக் கொடியிலும் வாளேந்திய சிங்கம் நிற்கிறது. ஆனால், அன்றாட வாழ்விற் பிறந்த பழமொழியைப் பாருங்கள். பசித்தாலும் புல்லைத் தின்னாதது புலியே. அங்கே சிங்கம் இல்லை. தமிழகத்துக் காடுகளில் மக்கள் கண்டு அஞ்சியது புலியை. இந்தியாவில் சிங்கம் உலாவிய நிலம் பெரும்பாலும் நருமதை ஆற்றுக்கு வடக்கேயே இருந்தது.

இலங்கையின் கதை வேறு. 1939ஆம் ஆண்டில், குருவிட்டைப் பகுதியிற் கிடைத்த தொல்லுயிர்ப் பற்கள் இரண்டை ஆராய்ந்த பி. ஈ. பி. தெரணியகல அவர்கள், அவை சிங்கத்தின் பற்கள் எனக் கொண்டு, இத்தீவில் மறைந்துபோன சிங்க இனம் ஒன்றுக்குப் பெயரும் சூட்டினார். ஒரு காலத்தில் இங்கும் சிங்கம் வாழ்ந்திருப்பின், அதன் எச்சமாக நம்மிடம் இருப்பவை அப்பற்களே. உயிரோடு ஒன்றைக் காண வேண்டுமாயின் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை போன்ற இடத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் கிரேக்க நாடு தொடங்கித் துருக்கி, ஈராக், ஈரான் வழியாக வட இந்தியா வரையில் சிங்கத்தின் அரசு பரந்து கிடந்தது. துப்பாக்கி வந்தது, காடு வயலாயிற்று, நாடு நாடாகச் சிங்கம் மறைந்தது. ஈரானில் 1940களுக்குப் பின் அதன் சுவடே இல்லை. இன்று ஆபிரிக்காவுக்கு வெளியே காட்டுச் சிங்கம் வாழும் இடம் ஒன்றே ஒன்று. அது இந்தியாவின் மேற்குக் கோடியிலே, குஜராத் மாநிலத்துச் சௌராட்டிரத் தீபகற்பத்தில் உள்ள கிர் காடும் அதன் சுற்றுப்புறமுமாகும்.

கிர் காடு நம் மனத்தில் எழும் இருண்ட வனம் அன்று. தேக்கும் முள்மரங்களும் நிறைந்து, கோடையிற் காய்ந்து பழுப்பேறும் நிலம். சரணாலயமும் தேசிய வனமுமாகச் சேர்ந்து 1,400 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு. யாழ்ப்பாண மாவட்டத்தைவிடப் பெரியது எனலாம்.

அங்கு வாழும் ஆண் சிங்கம் 160 முதல் 190 கிலோகிராம் வரை நிறையுடையது. பெண் சிங்கம் 110 முதல் 120 கிலோகிராம் வரை. வில்பத்துவிலும் யாலவிலும் உலாவும் நமது ஆண் சிறுத்தை ஐம்பது அறுபது கிலோகிராம் அளவினதே. அத்தகைய சிறுத்தைகள் மூன்றைச் சேர்த்து நிறுத்தால் ஒரு கிர் சிங்கம் ஆகும். ஆபிரிக்கச் சிங்கம் இதனினும் சற்றுப் பெரியது. புலிகளுள் மிகப் பெரியவை சிங்கத்தையும் விஞ்சுவன. சிங்கம் பெரிதா, புலி பெரிதா என வாதிடும் சிறுவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

கிர் சிங்கத்தை இனங்காண்பது எளிது. ஆணின் பிடரி மயிர் ஆபிரிக்கச் சிங்கத்தினது போல் அடர்ந்து தலையை மூடுவதில்லை. காதுகள் வெளியே தெரியும். வயிற்றின் அடியில், முன்காலிலிருந்து பின்கால் நோக்கி, தோல் மடிப்பொன்று தொங்கும்.

கர்ச்சனையைப் பற்றியும் ஒரு சொல். அமைதியான இரவில் அது எட்டுக் கிலோமீற்றர் தூரம் கேட்கும் என்பர். யாழ்ப்பாண நகரிலே ஒரு சிங்கம் கர்ச்சித்தால் இணுவிலிலே உறங்குபவர் எழுந்து உட்காருவர். ஆனால் அரசர் எந்நேரமும் கர்ச்சித்துக்கொண்டிருப்பவர் என எண்ணவேண்டாம். நாளின் இருபது மணி நேரம் வரையில் நிழலிலே படுத்துக் கிடப்பதே அவர் தொழில்.

பூனைக் குலத்திலே குடும்பமாகக் கூடி வாழ்வது சிங்கம் ஒன்றே. அக்குடும்பத்தின் அச்சாணி பெண். தாய், மகள், தமக்கை, தங்கை எனப் பெண்கள் பிரியாது வாழ்வர். ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டுவதும் உண்டு. ஆபிரிக்காவிலே ஆண் சிங்கங்கள் பெண்களின் கூட்டத்தோடு பெரும்பாலும் சேர்ந்தே இருப்பன. கிர் காட்டிலோ ஆண்கள் இரண்டு மூன்றாய்த் தனியே திரிந்து, இணைசேரும் காலத்திலும் பெரிய இரை வீழ்ந்த போதுமே பெண்களை நாடி வருவன. அங்கே புள்ளிமான் போன்ற சிறிய இரையே மிகுதி. பெருங்கூட்டம் ஒன்றாய் அமர்ந்து உண்ண அது போதாது என்பது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று.

புதிதாக வந்து இடத்தைக் கைப்பற்றும் ஆண், பழைய ஆணின் குட்டிகளைக் கொல்வது சிங்க குலத்தின் கொடிய வழக்கம். அதற்கும் கிர் தாய்மார் ஓர் உபாயம் கண்டுள்ளனர். அவை அயலிலுள்ள ஆண் கூட்டங்கள் பலவற்றோடும் இணைசேர்வதால், எக்குட்டி எதனது என ஆண்கள் அறியா. ஆகவே கொல்லாது விடுகின்றன. இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வாளர்கள் பல்லாண்டு பார்த்திருந்து, 2019இல் இதனை வெளியிட்டனர்.

நிற்க. இச்சிங்கம் இன்று உயிரோடிருப்பதே ஓர் அதிசயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, வேட்டையின் கொடுமையால், கிர் காட்டில் எஞ்சியவை ஒரு சில பத்துக்கு மேல் இரா என அஞ்சப்பட்டது. 1899–1900 பெரும்பஞ்சமும் சேர்ந்துகொண்டது. காட்டுக்கு உரியவர்களாயிருந்த ஜூனாகட் நவாபுகள் வேட்டையைக் கட்டுப்படுத்தினர். 1900இல் அங்கு சென்ற இராசப்பிரதிநிதி கர்சன் பிரபு, தமக்கென ஒழுங்கு செய்யப்பட்ட சிங்க வேட்டையை மறுத்து, அவற்றைக் காக்குமாறு நவாபைக் கேட்டுக்கொண்டார் என்பர். வேட்டைக்காரனின் மனம் திரும்பிய இடத்திலேதான் சிங்கத்தின் கதையும் திரும்பியது.

ஆயினும் ஏற்றம் நேராக இருக்கவில்லை. 1963இல் 285 என எண்ணப்பட்ட சிங்கங்கள் 1968இல் 177 ஆயின. எண்ணும் முறை மாறியது ஒருபுறமிருக்க, காடு சுருங்கியதும் உண்மை. கால்நடையை இழந்தோர் இறந்த மாட்டில் நஞ்சு வைத்ததும் உண்மை. 1965இல் கிர் சரணாலயமாயிற்று. 1975இல் அதன் நடுப்பகுதி தேசிய வனமாயிற்று. அதன்பின் எண்ணிக்கை படிப்படியாக உயர்ந்தது. 1990இல் 284, 2010இல் 411, 2020இல் 674, 2025 மே மாதக் கணக்கெடுப்பில் 891. இவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை சரணாலய எல்லைக்கு வெளியே, வயல்களிலும் தோட்டங்களிலும் ஆற்றோரங்களிலும் வாழ்வன.

இவ்வெற்றி அரசின் சட்டத்தால் மட்டும் வந்ததன்று. கிர் காட்டினுள்ளே மால்தாரிகள் என்னும் இடையர் எருமைகளோடு வாழ்கின்றனர். முள்வேலி சூழ்ந்த அவர்தம் குடியிருப்புக்கு நெஸ் என்று பெயர். சிங்கம் எருமையைக் கொல்வதுண்டு. அதற்கு அரசு நட்டஈடு கொடுக்கிறது. எனினும் நட்டஈட்டைவிடப் பெரியது அவர்களின் பொறுமை. வெளியூர்க் கமக்காரரும் சிங்கத்தை முற்றாக வெறுப்பதில்லை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியையும் நீலமானையும் அது பிடித்துண்கிறது அன்றோ! திறந்த கிணறுகளில் சிங்கங்கள் இரவில் வீழ்ந்து இறந்தமையால், ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குச் சுவர் எழுப்பப்பட்டது. 2007 முதல் வனக்காவலில் பெண்களும் சேர்ந்துள்ளனர். கிணற்றில் வீழ்ந்த சிங்கத்தை மீட்பதும் காயமுற்றதைத் தூக்கி வருவதும் அவர்களின் அன்றாடக் கடமைகளாகிவிட்டன.

இத்தோடு முடிந்திருந்தால் இது மங்களமான கதை. ஆனால் 2018 செப்ரெம்பரில், கிர் காட்டின் கிழக்கே, தல்கானியா என்னும் பகுதியில் சிங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கத் தொடங்கின. சில வாரங்களில் 23 சிங்கங்கள் மாண்டன. இறந்தவற்றுட் சிலவற்றின் உடலில், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்னும் நோயின் வைரசு காணப்பட்டது. அயலில் எஞ்சியவற்றைப் பிடித்து, அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி தருவித்து ஏற்றினர். இதே நோய் 1994இல் ஆபிரிக்காவின் செரெங்கெட்டிப் பெருவெளியிலே சிங்கங்களில் மூன்றிலொரு பங்கினைக் கொன்றது. அங்கு அழிந்தவை போக, வேறு நாடுகளில் வேறு சிங்கங்கள் இருந்தன. கிர் சிங்கத்துக்கு அவ்வாறு வேறிடம் இல்லை. மேலும், அன்று எஞ்சிய சிலவற்றின் வழித்தோன்றல்களே இன்றுள்ள அனைத்தும். நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருகிய குலம். ஒன்றை வீழ்த்தும் நோய் மற்றதையும் எளிதில் வீழ்த்தக்கூடும்.

விதைநெல் முழுவதையும் ஒரே கொட்டிலில் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கும் கமக்காரன் உண்டோ? இதனை அறிஞர்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்து, மத்தியப் பிரதேசத்துக் குனோ என்னும் காட்டை இரண்டாம் வீடாகத் தெரிந்தெடுத்தனர். சிங்கத்துக்கு இடம் வேண்டும் என்று அங்கிருந்த 24 கிராமங்களின் மக்கள் குடிபெயர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் சஹாரியா என்னும் ஏழைப் பழங்குடியினர். அவர்கள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறினர். சிங்கம் வரவில்லை. தன் சிங்கத்தைப் பிற மாநிலத்துக்குக் கொடுக்கக் குஜராத் இசையவில்லை. சிங்கம் தன் பெருமை என்றது. 2013 ஏப்ரிலில் இந்திய உச்ச நீதிமன்றம், ஆறு மாதத்துள் சிங்கங்களைக் குனோவுக்கு அனுப்புமாறு தீர்ப்பளித்தது. அதன் பின்னும் சிங்கம் வரவில்லை. 2022இல் நமீபியாவிலிருந்து சீற்றா என்னும் விலங்குகள் விமானத்தில் வந்து அக்காட்டிற் குடியேறின. எந்த விலங்குக்காகத் தம் முற்றத்தை விட்டார்களோ அந்த விலங்கு இன்றுவரை அங்கே கால் வைக்கவில்லை.

குஜராத் சும்மா இருந்தது என்பதும் முறையன்று. போர்பந்தருக்கு அருகே பர்தா என்னும் சரணாலயத்துக்கு 2023இல் ஓர் ஆண் சிங்கம் தானாகவே நடந்து சென்றது. அங்கு இப்போது ஒரு சிறு கூட்டம் வளர்கிறது. 2025 கணக்கின்படி 17 சிங்கங்கள். நல்ல தொடக்கமே. ஆயினும் பர்தாவும் அதே தீபகற்பத்தில், அதே வறட்சிக்கும் அதே நோய்க்கும் எட்டும் தூரத்தில் உள்ளது.

பெருமை என்பது பொல்லாத பொருள். வேட்டைக்காரன் கையிலிருந்து சிங்கத்தைக் காத்ததும் அதுவே. இன்று அதனை ஓரிடத்திலே பூட்டி வைத்திருப்பதும் அதுவே. “எங்கள் சிங்கம்” என்னும் சொல்லில் “சிங்கம்” என்பதைவிட “எங்கள்” என்பது உரக்க ஒலிக்கும்போது, காப்பதும் கைக்கொள்வதும் ஒன்றாகத் தோன்றிவிடுகின்றன. ஓர் உயிரின் மேல் நாம் வைத்த அன்பு உண்மையானதா என்பதற்கு ஓர் உரைகல் உண்டு: அதன் நன்மைக்காக அதனைப் பிறர் கையிற் கொடுக்க மனம் வருகிறதா என்பதே அது. மகளைப் பெற்றவர்களும் மாணவரை வளர்த்தவர்களும் இதனை அறிவர்.

மறுநாள் வகுப்பிலே அம்மாணவனுக்கு விடை கூறினோம். “தம்பி, எழுதியவர் சிங்கத்தைக் கண்டாரோ இல்லையோ, அதனிடமிருந்து கற்கவேண்டியதைக் கண்டுகொண்டார். பின்னே பார்த்தால் ஒரு சில பத்துச் சிங்கங்கள் தெரிகின்றன; ஆகவே 891 கண்டு மகிழலாம். முன்னே பார்த்தால் ஒரே ஒரு வீடு தெரிகிறது, ஆகவே உறங்கலாகாது. ஒருபுறம் மட்டும் பார்ப்பது அரிமா நோக்கு ஆகாது” என்றோம்.

அவன் சற்று நேரம் யோசித்தான். “அப்படியானால் ஐயா, அந்த இருபத்துநான்கு ஊர்ச் சனங்களை யார் திரும்பிப் பார்ப்பது?” என்றான்.

இம்முறை வகுப்புச் சிரிக்கவில்லை.