ஃப்ரீயா படம் பார்த்தா, அது சேமிப்பா?

"ஓடிடிக்கு எதுக்குங்க காசு? டெலிகிராம்ல ஃப்ரீயா கிடைக்குதே!" சம்பளம் வாங்குற பலரோட கேள்வி இது. என் பதில்: அது சேமிப்பு இல்ல, ரிஸ்க்.

2023-ல் சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் திருத்தினாங்க. தியேட்டர்ல படத்தைத் திருட்டுத்தனமா ரெக்கார்ட் பண்ணினா 3 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில். அபராதம் 3 லட்சத்தில் ஆரம்பிச்சு, தயாரிப்புச் செலவில் 5% வரை போகலாம்.

நல்ல சட்டம்தான். ஆனா தண்டனை மட்டும் போதாது. நாலு படத்துக்கு நாலு ஆப்ல சந்தா கட்டச் சொன்னா, ஆள் திருட்டு லிங்க் தேடத்தான் செய்வான். விலையைக் கம்பெனிகள்தான் சரி பண்ணணும்.

அதுக்காக நாம திருடணுமா? 2012 காப்புரிமைத் திருத்தப்படி, தியேட்டருக்கு வெளியே பாட்டு ஓடினா பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில பங்கு உண்டு. திருட்டு லிங்க்ல அவங்களுக்கு ஒரு பைசா வராது. நமக்கோ, தெரியாத ஆப்புக்கு எஸ்எம்எஸ் பெர்மிஷன் கொடுத்தா ஓடிபி போகும், பின்னாடியே அக்கவுண்ட்ல இருக்குற பணமும் போகும்.

மாசம் ஒரே ஒரு ஆப் எடுங்க. பார்த்து முடிச்சதும் ஆட்டோபேயை கேன்சல் பண்ணுங்க. அடுத்த மாசம் வேற ஆப். உண்மையான சேமிப்பு இதுதான்!